ஓட்டத்திற்கு உரிய கூலி

ஒரு பயனை வேண்டித் தொடங்கிய செயல், அந்தப் பயன் கைகூடாதபோதும் தொடரத் தக்கதுதானா என்னும் வினா சமய நூல்களுக்கும் மெய்யியலுக்கும் மிகப் பழையது. வேள்வியையும் நோன்பையும் தவத்தையும் முன்வைத்தே பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்த இவ்வினா, உடல் எடை குறையும் என்ற நம்பிக்கையோடு முதன்முதலாக ஓடத் தொடங்கும் இன்றைய மனிதரிடம், சமயச் சொல் எதுவும் இன்றி, அதே கூர்மையோடு எழுகிறது. மருத்துவர் எச்சரித்ததாலோ, பழைய சட்டையின் பொத்தான் பூட்ட வராததாலோ காலணி வாங்கிக்கொண்டு விடியலில் தெருவில் இறங்கிய ஒருவர், மூன்று வாரம் கழித்து எடைக்கருவியின் மேல் ஏறி நின்று, முள் அசையாததைக் கண்டு, இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கும்போது, அவர் கேட்பது உடற்பயிற்சி பற்றிய ஐயம் மட்டும் அன்று. செயலுக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு யாது, உடம்பு மனிதருக்குக் கருவியா, சுமையா, பகையா என்னும் கேள்விகளும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன.

புதிதாக ஓடத் தொடங்குவோருக்கான திட்டங்களில் உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-இல், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரை மனத்தில் கொண்டு வகுத்த ‘கௌச் டு ஃபைவ் கே’ என்பதாகும். சோபாவில் அமர்ந்தே பழகியவரை 5 கிலோமீட்டர் ஓட்டத்திற்குக் கொண்டுசேர்த்தல் என்பது அப்பெயரின் பொருள். பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை பின்னர் இதனைத் தனக்கேற்ற வடிவில் மக்களுக்குப் பரிந்துரைத்தது. 9 வாரம், வாரத்திற்கு 3 நாள், ஓடும் நாள்களுக்கு இடையில் ஓய்வு நாள் என்பது இதன் அமைப்பு. முதல் வாரத்தில், 5 நிமிட வேக நடைக்குப் பின், 60 நொடி மெல்லோட்டமும் 90 நொடி நடையும் மாறி மாறி 20 நிமிடம் நிகழ வேண்டும். கூட்டிப் பார்த்தால், ஒரு நாளில் ஓடுவது 8 நிமிடம் மட்டுமே. ஆயினும், பழகாத உடம்புக்கு அந்த முதல் 60 நொடி மிக நீண்டது. பாதி கடப்பதற்குள் மூச்சு இரைக்கத் தொடங்கும், கெண்டைக்கால் இறுகும், விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டாற்போல ஒரு குத்தல் எழும், காதுக்குள் நெஞ்சின் துடிப்புக் கேட்கும். ஒவ்வோர் அடி தரையில் படும்போதும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலின் வழியே மேலேறுவதால், எந்த எடையைக் குறைக்க ஒருவர் ஓட வந்தாரோ அந்த எடையே ஓட்டத்தை அவருக்குக் கடினமாக்குகிறது. இதயமும் மூச்சும் விரைந்து தேறிவிட, எலும்பும் தசைநாண்களும் மெதுவாகவே உறுதிப்படும் என்பதனால்தான் இத்திட்டம் படிப்படியாக ஏறுகிறது. ஆர்வ மிகுதியால் முதல் வாரத்திலேயே ஓய்வு நாளைக் கைவிடுவோர் முழங்கால் வலியோடும் கணைக்கால் எலும்பின் ஓரத்து வலியோடும் வீடு திரும்புவது மிகுதி.

ஓட்டத்தால் எடை எவ்வளவு குறையும் என்பதை இங்கே நேர்மையாகக் கணக்கிட்டாக வேண்டும், ஏனெனில் பொய்யான நம்பிக்கையின் மேல் எழுப்பப்படும் எந்த அறநெறியும் நிலைப்பதில்லை. சமதரையில் ஓடுபவர் தம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ 1 கிலோ கலோரி ஆற்றலைச் செலவிடுகிறார். கலோரி என்பது உணவிலும் உழைப்பிலும் உள்ள ஆற்றலை அளக்கும் அலகு. 80 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறத்தாழ 400 கிலோ கலோரி. உடலில் தங்கிய 1 கிலோ கொழுப்போ ஏறத்தாழ 7,700 கிலோ கலோரிக்கு இணையானது. ஆகவே ஒரு கிலோ குறைய அவர் அத்தொலைவை 19 முறைக்கு மேல் ஓட வேண்டும். அதுவும், ஓடியதற்காக ஒரு வாய் கூடுதலாக உண்ணாமலும், களைப்பால் அன்றைய மற்ற அசைவுகளைக் குறைத்துக்கொள்ளாமலும் இருந்தால். உடல் இவ்விரண்டையும் தானாகவே செய்யும் இயல்புடையது. ஹெர்மன் பான்ட்சர் என்னும் மானிடவியலாளரும் அவருடன் உழைத்தோரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, வட தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்கள், நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தபோதிலும், உடல் அளவைக் கருத்தில் கொண்டு ஒப்பிட்டால், மேலை நாட்டு நகரவாசிகளைவிட மிகுதியாக ஆற்றலைச் செலவிடவில்லை என்று காட்டிற்று. உணவை மாற்றாமல் ஓட்டத்தை மட்டும் நம்புவோருக்கு எடை குறைவது சொற்பமே. ஆனால் எடை சற்றும் குறையாதபோதும், குருதி அழுத்தமும் குருதியில் சர்க்கரையும் சீர்ப்படுவதும், இதயம் வலுப்பெறுவதும் மருத்துவம் ஐயமின்றி ஏற்ற உண்மைகள்.

எனவே வினா மேலும் நுட்பமாகிறது. எடை குறையும் என்னும் விருப்பம் வலுவற்ற அடித்தளம் என்றால், அவ்விருப்பத்தோடு தொடங்குவதே பிழையா? பலனை நோக்கிச் செய்யும் செயலை வடமொழி நூல்கள் காமிய கர்மம் என்றும், பலனில் பற்று வைக்காமல் செய்வதை நிஷ்காம கர்மம் என்றும் பிரித்து வழங்கும். பகவத் கீதை பின்னதை உயர்த்திப் பேசுகிறது என்பது பலரும் அறிந்தது. ஆனால் அதே நூல், ஏழாம் அத்தியாயத்தில், இறைவனை நாடி வருவோரை நால்வகையாகப் பிரித்து, துன்பத்தால் வருந்தி வருபவனாகிய ஆர்த்தனையும், ஒரு பொருளை வேண்டி வருபவனாகிய அர்த்தார்த்தியையும், அறிய விழைபவனோடும் ஞானியோடும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஞானிக்குத் தனியிடம் தந்தபோதும் நால்வரையும் மேன்மையுடையோர் என்றே கூறுவது போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை. எடை குறைய வேண்டி ஓட வருபவர் ஆர்த்தனும் அர்த்தார்த்தியும் கலந்த ஒருவர். வலியோ அச்சமோ ஆசையோ அவரை வாசல் வரை அழைத்து வந்தது. வந்த வழியைக் குறைசொல்லி அவரைத் திருப்பி அனுப்ப எந்த மரபுக்கும் உரிமை இல்லை. விருப்பமே இல்லாமல் ஓடத் தொடங்கு என்று அவருக்கு அறிவுரை கூறுவது, நடக்கக் கற்காத குழந்தையை மலையேறச் சொல்வதற்கு ஒப்பாகும்.

தொடக்கத்து விருப்பத்தைவிட ஆழமான இடர் வேறொன்று உண்டு. அது ஓடுபவர் தம் உடம்பை எவ்வாறு நோக்குகிறார் என்பது. உடலை இழிந்ததாகக் காட்டும் போக்குச் சமய இலக்கியத்தில் வலிமையாக உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், இளவரசன் உதயகுமரனின் வேட்கையை அடக்க, ஒரு மூதாட்டியின் தளர்ந்த உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டப்படுகின்றன. ஆனால் அங்கே உடலின் மேல் எழுப்பப்படும் வெறுப்பு, அழகின் மேலுள்ள பற்றை அறுக்கும் மருந்து. இன்று கண்ணாடியின் முன் நின்று தம் தொப்பையை வெறுப்பவர் அழகின் மேலுள்ள பற்றினாலேயே வெறுக்கிறார். துறவின் மொழியில் ஒரு பாதியை, அதாவது அருவருப்பை மட்டும், எடுத்துக்கொண்டு, அது கொண்டுசேர்க்க வேண்டிய விடுதலையை விட்டுவிட்ட நிலை இது. நோயை வைத்துக்கொண்டு மருந்தின் கசப்பை மட்டும் விழுங்குவது போன்றது. இம்மனநிலையில் ஓட்டம் ஒரு தண்டனையாகிவிடுகிறது: நேற்று உண்ட இனிப்புக்காக இன்று கூடுதலாக ஒரு சுற்று, எடை ஏறியதற்காக ஓய்வு நாளிலும் ஓட்டம் என்று உடம்பு குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது.

திருமூலர் இவ்விடத்தில் துணையாகிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், காயசித்தி உபாயம் என்னும் பகுதியில், உடம்பைத் தாம் முன்னர் இழிவாகக் கருதியிருந்ததையும், பின்னர் அதற்குள்ளே பரம்பொருள் கோயில் கொண்டிருப்பதைக் கண்டதையும், அதனால் உடம்பைப் பேணத் தொடங்கியதையும் அவர் கூறுகிறார். கோயில் என்னும் உவமையைச் சிலர் உடலை அழகுபடுத்தும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவது வருந்தத்தக்கது, ஏனெனில் திருமூலர் பேணத் தொடங்கியது மெலிந்த பிறகு அன்று. உடம்பு எப்படி இருந்ததோ அப்படியே அது கோயில் என்று கண்ட பிறகு. முதல் வார ஓட்டத்தில் மூச்சு இரைக்க நிற்கும் 90 கிலோ உடம்பும், ஒன்பதாம் வாரத்தில் தேறி நிற்கும் உடம்பும் அவர் பார்வையில் ஒரே கோயில். தண்டனைக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. இரண்டிலும் உடம்பு வருந்துகிறது. தண்டனையில் உடம்பு எதிரி, நோன்பில் அது கூட்டாளி. ஜப்பானின் ஹியெய் மலையில் தெண்டாய் பௌத்தத் துறவியர் 7 ஆண்டுகளில் 1,000 நாள் மலைப்பாதையில் விரைந்து நடக்கும் கடுந்தவத்தை மேற்கொள்ளும்போதும், வழியிலுள்ள புனித இடங்கள்தோறும் நின்று வணங்கிச் செல்வதே அதன் உயிர். கடக்கும் தொலைவு அதற்குத் துணை மட்டுமே.

கூட்டாளியாக ஏற்ற உடம்பை எந்த அளவுக்கு வருத்தலாம் என்பதில் பழைய நூல்கள் வியக்கத்தக்க ஒற்றுமை காட்டுகின்றன. ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, உடற்பருமனைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு நிகரானது வேறில்லை என்று உறுதியாகக் கூறுகிறது; மேலே காட்டிய கணக்கு அவ்வுறுதியை ஓரளவு தளர்த்தினாலும், அந்நூல் அதனோடு சேர்த்துக் கூறும் எல்லை இன்றும் பொன்னானது. உள்ள வலிமையில் பாதி அளவுக்கே பயில வேண்டும் என்றும், நெஞ்சில் உள்ள காற்று வாய்வழியே வெளிப்படத் தொடங்குவது அந்தப் பாதி எட்டப்பட்டதன் அடையாளம் என்றும் அது வரையறுக்கிறது. ஓடும்போது பேச முடிகிறதா என்று பார்த்து வேகத்தைத் தீர்மானிக்கச் சொல்லும் இன்றைய பயிற்சியாளர்களின் அறிவுரை இதற்கு மிக அருகில் நிற்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகம் கைகூட உணவும் விஹாரமும் அளவோடு இருக்க வேண்டும் என்னுமிடத்தில், விஹாரம் என்னும் சொல்லுக்குச் சங்கரர் காலடி வைத்து நடத்தல் என்றே பொருள் உரைக்கிறார். உண்பதோடு நடப்பதும் ஒரே மூச்சில் அளவுக்கு உட்படுத்தப்படுகிறது. அந்த அளவு எல்லோருக்கும் ஒன்றன்று என்பதை அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலில், விளையாட்டுக் களத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். 10 மினா (பழைய கிரேக்க எடையளவு) உணவு மிகுதி, 2 மினா குறைவு என்பதனால் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா என்று விதிக்க மாட்டார், அது மல்லன் மிலோவுக்குக் குறைவாகவும் புதிதாகப் பயில்பவனுக்கு மிகுதியாகவும் இருக்கும் என்று கூறும் அவர், ஓட்டத்திற்கும் மற்போருக்கும் இது பொருந்தும் என்று சேர்க்கிறார். பக்கத்தில் ஓடுபவரின் வேகத்தைப் பார்த்துக் கூசும் தொடக்கநிலையாளர் நினைவில் வைக்க வேண்டிய இடம் இது.

எடை குறைத்தலையே ஒரு சமயக் கதை நேரடியாக எடுத்தாள்கிறது என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். பாலி மொழியில் உள்ள சம்யுத்த நிகாயத்தில், கோசல நாட்டு அரசன் பசேனதி ஒரு தோண அளவு, அதாவது மரக்கால் கணக்கில், சோறு உண்டு, மூச்சு முட்டப் புத்தரிடம் வந்து அமர்கிறான். புத்தர் அவனைப் பழிக்கவில்லை. உடலின் அருவருப்பைப் பற்றியும் உரைக்கவில்லை. விழிப்போடு இருந்து உணவில் அளவறிந்தவனுக்கு நோவுகள் குறையும், அவன் மெல்ல மூப்படைவான் என்னும் கருத்தமைந்த ஒரு பாட்டை மட்டும் சொல்கிறார். அரசன் தன் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அப்பாட்டைக் கற்றுக்கொள்ளச் செய்து, நாள்தோறும் தான் உண்ணும் வேளையில் அதைச் சொல்லும்படி பணித்து, அதற்கு நாளொன்றுக்கு 100 காசு கூலியும் விதிக்கிறான். சிறிது சிறிதாக அவன் உணவு ஒரு நாழி அளவுக்குக் குறைகிறது; பாலியில் உள்ள நாளி என்னும் அச்சொல் தமிழ் நாழியோடு ஒன்றுவது கேட்போருக்கே விளங்கும். உடல் மெலிந்த பின் ஒரு நாள் பசேனதி தன் கை கால்களைக் கையால் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் உரிய இருவகை நன்மையையும் புத்தர் தனக்கு அருளினார் என்று மகிழ்கிறான். இக்கதையில் ஆணை இல்லை, அவமானம் இல்லை. மறதிக்கு ஆளாகும் வேளையில் நினைவூட்ட ஒரு குரல், படிப்படியான குறைப்பு, தன் உடம்பைத் தானே அன்போடு தொட்டறியும் கை ஆகியவை உள்ளன. காதில் மாட்டிய கருவியின் வழியே இப்போது ஓடுக, இப்போது நடக்க என்று ஒலிக்கும் இன்றைய பயிற்சிக் குரலும் சுதஸ்ஸனனின் பணியையே செய்கிறது.

இனி, மெய்யியலின் மையத்திற்கு வரலாம். அரிஸ்டாட்டில் தம் மெய்ப்பொருளியலின் ஒன்பதாம் நூலில் செயல்களை இரண்டாகப் பிரிக்கும்போது, இக்கட்டுரையின் பொருளையே எடுத்துக்காட்டாகத் தருகிறார். முடிவு தனக்கு வெளியே இருக்கும் செயல்களைக் கினேசிஸ், அதாவது இயக்கம், என்றும், நிகழும் ஒவ்வொரு கணத்திலும் முழுமையாக இருப்பவற்றை எனெர்கெயா, அதாவது நிறைசெயல், என்றும் அவர் அழைக்கிறார். காண்பவன் காணும்போதே கண்டுவிட்டான். நன்றாக வாழ்பவன் வாழும்போதே நன்றாக வாழ்ந்திருக்கிறான். வீடு கட்டுபவனோ கட்டிக்கொண்டிருக்கும்போது கட்டி முடித்தவன் அல்லன். இந்த முடிவுபெறாத செயல்களுக்கு அவர் முதலில் காட்டும் சான்று உடல் மெலிதல். இயற்பியல் நூலில் மெலிதலை நலத்திற்குப் போகும் வழியில் நிற்கும் இடைப்படிகளுள் ஒன்றாகவே, மருந்தோடும் அறுவைக் கருவிகளோடும் சேர்த்து வைக்கிறார். இதன் விளைவு கூர்ந்து நோக்கத்தக்கது. எடை குறைவதற்காக மட்டும் ஓடுபவருக்கு ஓடும் நேரம் முழுவதும் இன்னும் அடையாத நேரம். அவர் அடைய விரும்புவதோ இறுதி நோக்கமும் அன்று, ஓர் இடைப்படி. இலக்கை எட்டினால் செயல் முடிந்துவிடும். எட்டாவிட்டால் செயல் வீணாகிவிடும். இரண்டு வழியிலும் ஓட்டம் நின்றுபோகும். தொடக்கநிலைத் திட்டங்களில் சேர்ந்தோர் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதற்கு மனவலிமைக் குறைவைக் காரணம் காட்டுவது அநீதி; பலனை வைத்த இடம் தவறு என்பதே பெரும்பாலும் காரணம்.

நடத்தலையும் அரிஸ்டாட்டில் இயக்கத்தின் பட்டியலில்தான் சேர்க்கிறார் என்பதை மறைக்கக் கூடாது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குப் போவது அடையும் வரை முடிவுறாதது. ஆனால் விடியலில் ஓடுபவர் எந்த ஊருக்கும் போவதில்லை. புறப்பட்ட வாசலுக்கே திரும்புகிறார். போய்ச் சேர வேண்டிய இடம் இல்லாத அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு கணமும் நிறைவது எது என்பதற்கு விடை வள்ளுவரிடம் உள்ளது. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் ஒன்பதாம் குறள், கருதிய பயன் தெய்வத்தால் கைகூடாமல் போயினும், முயற்சி தன் உடம்பு வருந்திய அளவுக்குக் கூலி தராமல் போகாது என்கிறது. பரிமேலழகரும் முயற்சி பாழாகாது என்னும் கருத்திலேயே உரை காண்கிறார். இக்குறளைப் பெரும்பாலும் ஊக்கமூட்டும் வாசகமாக மேடைகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அதில் உள்ள கூலி என்னும் சொல் மிகத் துல்லியமானது. பயன் வேறு, கூலி வேறு. வயலில் விளைச்சல் என்பது பயன். மழை பொய்த்தால் அது இல்லை. அன்று அண்டை கட்டிய ஆளுக்கு மாலையில் அளந்து கொடுக்கும் நெல் கூலி. அது மழையைச் சார்ந்ததன்று.

எடை குறைவது விளைச்சலைப் போன்றது. பிறப்போடு வந்த உடலமைப்பு, பசியைத் தூண்டும் சுரப்புகள், வயது, உட்கொள்ளும் மருந்துகள், இரவுப் பணி, வீட்டில் சமைக்கப்படும் உணவு என ஓடுபவரின் கைக்கு எட்டாதவை பல அதைத் தீர்மானிக்கின்றன. வள்ளுவர் தெய்வம் என்று குறித்த இடத்தில் இவற்றை வைத்துப் படிப்பது பொருந்தும். உடம்பு வருந்தியதற்கான கூலியோ உடம்பிலேயே அளக்கப்படுகிறது. நான்காம் வாரத்தில் மாடிப்படி ஏறி முடித்தபின் மூச்சு இரைக்கவில்லை என்று திடீரெனக் கவனிப்பது, படுத்தவுடன் உறக்கம் வருவது, ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு முன்னைவிட நிதானமாக இருப்பது ஆகியவை அக்கூலியின் காசுகள். மற்ற உழைப்புகளில் வருந்துவது ஓரிடம், கூலி சேர்வது வேறிடம் என்றிருக்கலாம்; ஓட்டத்தில் வருந்திய நெஞ்சுக்கே வலு, வருந்திய காலுக்கே உறுதி. இந்தக் கூலியை ஒவ்வொரு முறையும் கையில் வாங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பலனில் பற்றின்மை என்பது எட்டாத தத்துவமாக இராது.

இதனால் எடையைப் பற்றிய கவலையே தவறு என்று கொள்ளலாகாது. நீரிழிவும் மூட்டுவலியும் உள்ளவருக்குச் சில கிலோ குறைவதுகூடப் பெரும் ஆறுதல், அதை வேண்டுவதில் இழிவு இல்லை. ஆனால் அவ்வேண்டுதலைச் செலுத்த வேண்டிய இடம் முதன்மையாகச் சமையலறை. பசேனதிக்கு உரைக்கப்பட்ட பாட்டும், உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்லும் குறளின் மருந்து அதிகாரமும் அங்கேயே சுட்டுகின்றன. நெஞ்சுவலியோ, இதய நோயோ, நெடுநாள் நீரிழிவோ உள்ளவர் ஓடத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது உடம்பைக் கூட்டாளியாக மதிப்பதன் முதற்செயல்.

‘கௌச் டு ஃபைவ் கே’ திட்டத்தின் ஐந்தாம் வாரத்து மூன்றாம் நாளில், அதுவரை நடையும் ஓட்டமுமாகப் பிரிந்திருந்த பயிற்சி முதன்முறையாக 20 நிமிடத் தொடர் ஓட்டமாகிறது. முதல் நாளில் 60 நொடிக்குத் திணறியவர், இடையில் ஓரடிகூட நடக்காமல் 20 நிமிடம் ஓடி நிற்கும்போது, அவர் எடை ஒரு கிலோகூடக் குறையாமல் இருக்கலாம். ஒன்பதாம் வாரத்தில் அது 30 நிமிடமாகிறது. கிளார்க் தம் தாயாரை எண்ணி வகுத்த அந்த அட்டவணையில் வாரங்களுக்கு ஒரு நிரலும் மூன்று ஓட்ட நாள்களுக்கு மூன்று நிரல்களும் உண்டு; நொடியும் நிமிடமும் தொலைவும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன; எடையைக் குறிக்க அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.